பழைய ரெஸ்யூமைத் திருத்தும் முன் பழைய காகிதங்களைத் தேடுங்கள்

சில வருட இடைவெளிக்குப் பிறகு வேலை தேடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். மெயிலில் எங்கோ கிடக்கும் பழைய ரெஸ்யூமைத் தேடி எடுத்து, பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டருக்குப் போகிறார்கள். போன் நம்பரை மாற்றச் சொல்கிறார்கள். "நடுவுல எட்டு வருஷம் காலியா இருக்கே அக்கா, கேள்வி கேப்பாங்களே" என்கிறான் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பையன். அவனே ஒரு வழியும் சொல்கிறான். கடைசியாகப் பார்த்த வேலையின் முடிவுத் தேதி இரண்டு மூன்று வருடம் நீள்கிறது. மிச்ச வருடங்களுக்கு யாரோ தெரிந்தவர் நடத்தும் கடையின் பெயர் உள்ளே வருகிறது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

இன்டர்வியூ நன்றாகவே நடக்கும். ஆஃபர் லெட்டரும் வரும். வேலையில் சேர்ந்த பிறகு, சில நேரம் பழைய வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்த பிறகு, பின்னணிச் சரிபார்ப்பில் தேதி உதைக்கிறது என்று வெளியே அனுப்புகிறார்கள். குழந்தை வளர்ந்த பிறகு திரும்பும் பெண்கள், படுக்கையில் இருந்த தாயையோ தகப்பனையோ பார்த்துக்கொண்டவர்கள், கம்பெனி மூடியதால் வீட்டில் உட்கார்ந்தவர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் எனத் திறமையில் குறையே இல்லாத எத்தனையோ பேர் இப்படி வேலையை இழப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவர்களுடைய இடைவெளி குற்றமல்ல. அதை மூடப் போட்ட பொய்தான் அவர்களை வெளியே தள்ளியது.

எனவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெஸ்யூமைப் புதுப்பிக்கும் வேலை கம்ப்யூட்டரில் தொடங்குவதில்லை, பீரோவில் தொடங்குகிறது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு தேதிக்கும், ஒவ்வொரு பதவிக்கும் கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கே வாங்குவது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். எழுத்துரு, வண்ணம், புகைப்படம் பற்றியெல்லாம் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

பி.எஃப். கணக்கு சொல்லும் உண்மை

ஐ.டி., வங்கி, காப்பீடு, பெரிய தொழிற்சாலை என எங்கே சேர்ந்தாலும் உங்கள் யுஏஎன் எண்ணைக் கேட்பார்கள். பி.எஃப். உறுப்பினர்களுக்கு 2014 முதல் தரப்படும் பன்னிரண்டு இலக்க எண் அது. அதன் கீழ் 'சர்வீஸ் ஹிஸ்டரி' என்ற பக்கத்தில் நீங்கள் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்தத் தேதியில் விலகினீர்கள் என்பது இருக்கும். பணத்தை முழுவதும் எடுத்துவிட்டதால் அந்தக் கணக்கே அழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பணம்தான் போயிருக்கும், பதிவு அப்படியே இருக்கும். நீங்கள் ரெஸ்யூமில் நீட்டிய இரண்டு வருடத்தை அந்தப் பக்கம் ஒரு நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே ரெஸ்யூமில் கைவைக்கும் முன் இந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பார்க்க வேண்டியவை மூன்று. சேர்ந்த தேதி சரியா? விலகிய தேதி பதிவாகியிருக்கிறதா? பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா?

விலகிய தேதி காலியாக இருப்பது நம் ஊரில் மிகச் சாதாரணம். ஆள் போனதும் அந்தக் கட்டத்தை நிரப்பப் பல நிறுவனங்களின் எச்.ஆர். பிரிவுக்குக் கை வருவதில்லை. அவர்கள் செய்ய வேண்டிய இரண்டு நிமிட வேலை அது. செய்யாததால் எங்கோ ஒருவர் புது வேலைக்காக மாதக்கணக்கில் அலைகிறார். நல்லவேளையாக, 2020 தொடக்கத்திலிருந்து அந்தத் தேதியை உறுப்பினரே பதிவுசெய்யலாம். உறுப்பினர் தளத்தில் 'மேனேஜ்' பகுதிக்குள் 'மார்க் எக்ஸிட்' என்று இருக்கும். நிறுவனம் கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கழிந்திருக்க வேண்டும். கடைசியாகப் பணம் கட்டப்பட்ட அந்த மாதத்துக்குள் வரும் தேதியைத்தான் கொடுக்க முடியும். ஆதாரோடு இணைந்த போனுக்கு ஓடிபி வரும். தேதியைப் பதிவுசெய்யும் முன் ரிலீவிங் லெட்டரோடு ஒத்துப்பாருங்கள். பிறகு திருத்துவது பெரும்பாடு.

பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி போன்ற பிழைகளுக்கும் இப்போது வழி எளிதாகியிருக்கிறது. 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு வழங்கப்பட்டு, ஆதாரால் சரிபார்க்கப்பட்ட யுஏஎன் என்றால் பெரும்பாலான திருத்தங்களை நீங்களே ஆன்லைனில் செய்துகொள்ளலாம். 2025 ஜனவரியில் வந்த மாற்றம் இது. அதற்கு முந்தைய யுஏஎன் என்றால் நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாமே ஓடிபி-யில் நிற்கிறது. பத்து வருடத்துக்கு முன் ஆதாரில் கொடுத்த நம்பரை நீங்கள் எப்போதோ விட்டிருப்பீர்கள். அது இன்று வேறு யாரோ ஒருவரின் கையில் இருக்கும். எனவே எதற்கும் முன்பாக ஆதார் சேவை மையத்துக்கோ ஆதார் வசதியுள்ள தபால் நிலையத்துக்கோ போய் இப்போதைய நம்பரைச் சேருங்கள். இதைச் செய்யாமல் மற்ற எதைத் தொடங்கினாலும் பாதியில் நிற்கும். மறுபடியும் சொல்கிறேன், முதலில் போன் நம்பர்.

ஆன்லைனில் முடியவில்லையா? பி.எஃப். அலுவலகம் ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் ஒரு முகாம் நடத்துகிறது. 'நிதி ஆப்கே நிகட்' என்று இந்தியில் பெயர் வைத்திருப்பதாலோ என்னவோ, நம் மக்களில் பாதிப்பேருக்கு அது என்னவென்றே தெரியாது. 27 விடுமுறையானால் அடுத்த வேலை நாளில் நடக்கும். யுஏஎன், ஆதார், வங்கிப் பாஸ்புக், கிடைத்தால் பழைய சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு போங்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள், பதிவு எண் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

2014-க்கு முன்பே வேலையை விட்டவர்களுக்கு யுஏஎன் இல்லாமல் இருக்கலாம். அவர்கள் சம்பளச் சீட்டில் டிஎன்/எம்ஏஎஸ் போன்ற எழுத்துகளோடு தொடங்கும் பழைய பி.எஃப். எண்ணைத் தேட வேண்டும். மஞ்சள் பூத்த அந்தச் சீட்டைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

கம்பெனியே இல்லை என்றால்

மூடப்பட்ட நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் அந்த வரியையே ரெஸ்யூமிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். "சர்ட்டிபிகேட் கேட்டா எங்கே போவேன்?" என்று பயம். ஐந்தாறு வருட உழைப்பை இப்படித் தாமாகவே அழித்துக்கொள்ள வேண்டியதில்லை.

ரிலீவிங் லெட்டர் இல்லாவிட்டாலும் நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு வேறு சாட்சிகள் உண்டு. பி.எஃப். பாஸ்புக் ஒன்று. வருமான வரித் தளத்தில் கிடைக்கும் படிவம் 26ஏஎஸ் இன்னொன்று. உங்கள் சம்பளத்தில் வரி பிடித்தது யார், எவ்வளவு என்பது நிறுவனத்தின் பெயரோடு அதில் இருக்கும். 2008-09 நிதியாண்டு வரை பின்னோக்கிப் பார்க்கலாம். பான் எண் போதும், பழைய முதலாளியின் தயவு தேவையில்லை. வரி பிடிக்கும் அளவு சம்பளம் இல்லையென்றால் வங்கியில் போய், சம்பளம் வரவான வருடங்களுக்கான ஸ்டேட்மென்ட் கேளுங்கள். கட்டணம் கேட்பார்கள், கொடுக்கலாம். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அதுவும் சாட்சிதான். நிறுவனம் உண்மையிலேயே மூடப்பட்டதா என்பதை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். அந்தப் பக்கத்தையும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். சரிபார்ப்பவரிடம் இந்தக் கட்டை நீட்டி, "நிறுவனம் மூடப்பட்டுவிட்டது, என்னிடம் இருப்பவை இவை" என்று நேராகச் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

நிறுவனம் இருக்கிறது, கொடுக்க மறுக்கிறது என்றால் கதை வேறு. "நோட்டீஸ் பீரியட் முடிக்கலை", "அந்த மேனேஜர் இப்ப இல்லை", "அடுத்த வாரம் வாங்க" என்று இழுத்தடிப்பார்கள். போனில் கெஞ்சிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் மெயில் அனுப்புங்கள். ஊழியர் எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, என்ன சான்று வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும் என்று ஆறே வரி போதும். பதில் இல்லையென்றால் அதே கடிதத்தை நிறுவனத்தின் பதிவு அலுவலக முகவரிக்கு ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபாலை 2025-ல் விரைவு அஞ்சலோடு இணைத்துவிட்டார்கள், கவுன்ட்டரில் குழம்ப வேண்டாம். அந்த ஒப்புகை ரசீதுதான் பிறகு உங்கள் ஆயுதம். அடுத்தது உங்கள் மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம். அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை அது, யாரும் செய்யும் சலுகையல்ல. தொலைபேசி எண் 15100. வக்கீல் நோட்டீஸ் ஒன்று போனதும் இரண்டு நாளில் ரிலீவிங் லெட்டர் வந்த கதைகள் ஏராளம்.

பெயரும் இனிஷியலும்

திருமணத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் பெண்கள் தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள். மதிப்பெண் சான்றிதழில் அப்பா இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். பி.எஃப்.-ல் இனிஷியலே இருக்காது. இந்த நான்கில் எது நீங்கள் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது, அதை இயக்குபவருக்கும் தெரிவதில்லை.

ரெஸ்யூமில் எந்தப் பெயரைப் போடுவது? சான்றிதழில் உள்ள பெயரைப் போடுங்கள். ஆதார், பான், பி.எஃப். மூன்றையும் அந்தப் பெயருக்கே கொண்டுவருவதுதான் எளிது, ஏனென்றால் மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவது இருப்பதிலேயே கடினம். உண்மையிலேயே பெயரை மாற்றிக்கொண்டவர்கள் அரசிதழில் வெளியிட வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை அண்ணா சாலையில் உள்ள எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை இயக்குநரகம் அதைச் செய்கிறது. விண்ணப்பம் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. வாசலில் நிற்கும் தரகர்களுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டிய அவசியமே கிடையாது.

மதிப்பெண் சான்றிதழ் தொலைந்துபோனவர்கள் ஸ்டேஷன் வாசலில் காத்துக்கிடக்க வேண்டாம். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் தொலைந்த ஆவண அறிக்கையை நீங்களே பதிவுசெய்து இறக்கிக்கொள்ளலாம். அதை எடுத்துக்கொண்டு படித்த பள்ளியின் தலைமையாசிரியரிடம் போய் இரண்டாம்படிச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். நாளாகும். அதனால்தான் இன்டர்வியூ வந்த பிறகு ஓடாதீர்கள், இப்போதே தொடங்குங்கள் என்கிறேன்.

இனி எழுதலாம்

காகிதங்கள் கைக்கு வந்துவிட்டால் எழுதுவது பெரிய காரியமல்ல. பழைய ஃபைலைத் திருத்தாதீர்கள், புதிதாக எழுதுங்கள். பழையதைத் திருத்தினால் பழைய காலமும் உள்ளே ஒட்டிக்கொண்டு வரும். 2015-ல் வேலையை விட்ட அக்கவுன்டன்ட் ஒருவரின் ரெஸ்யூமில் வாட், சர்வீஸ் டாக்ஸ், டேலி இஆர்பி 9 என்று இருக்கும். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்து முதல் இரண்டையும் விழுங்கிவிட்டது. டேலியும் 2020-ல் டேலிபிரைம் ஆகிவிட்டது. பழையதை அப்படியே அனுப்பினால், இவர் பத்து வருடமாகப் பேப்பரே படிக்கவில்லை என்று நினைப்பார்கள். அவர் செய்ய வேண்டியது ஜிஎஸ்டிஆர்-1, 3பி தாக்கல், இ-வே பில், இ-இன்வாய்ஸ் ஆகியவற்றைச் சில வாரம் கற்றுக்கொள்வது. தெரிந்த ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து பழகினால் இன்னும் நல்லது. அதைத் தேதியோடு ரெஸ்யூமில் எழுதலாம், அந்த ஆடிட்டரிடம் ஒரு கடிதமும் வாங்கலாம். கணக்கின் அடிப்படை அவருக்கு ஏற்கெனவே தெரியும், அது எங்கும் போய்விடவில்லை.

ஆசிரியப் பணிக்குத் திரும்புகிறவர்களில் பலர், 2012, 2013-ல் தேறிய தகுதித் தேர்வு ஏழு வருடத்தில் காலாவதியாகிவிட்டது என்று நினைத்து அதை ரெஸ்யூமில் போடுவதே இல்லை. 2021-ல் டெட் சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்று மத்திய அரசு அறிவித்தது. 2011 முதல் தேறியவர்களுக்கும் அது பொருந்தும். கையில் இருக்கும் தகுதியை எழுதாமல் விடாதீர்கள்.

இடைவெளியை எப்படி எழுதுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே வரியில், தேதியோடு, நேராக. "2016 ஜூன் முதல் 2024 மார்ச் வரை: குழந்தை வளர்ப்பு, குடும்பப் பொறுப்பு." அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம், நீண்ட விளக்கமும் வேண்டாம். நோயாக இருந்தால் நோயின் பெயரை எழுதத் தேவையில்லை. அந்தக் காலத்தில் செய்த வேலைகளையும் விடாதீர்கள். மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்குப் பதிவேடுகளை வருடக்கணக்கில் எழுதியிருக்கிறீர்களா? வங்கிக் கடன் தவணையை முறையாகக் கட்டவைத்திருக்கிறீர்களா? குடியிருப்புச் சங்கத்தின் வரவுசெலவைப் பார்த்திருக்கிறீர்களா? மாலையில் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தீர்களா? சம்பளம் வராததால் அது வேலையாகாமல் போய்விடுமா? உண்மையை உண்மையான பெயரில் எழுதுங்கள். 'குழுக் கணக்காளர்' என்பது போதும், 'ஃபைனான்ஸ் மேனேஜர்' ஆக்க வேண்டாம்.

வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம். பெரிய நிறுவனங்களில் உங்கள் ரெஸ்யூமை முதலில் மென்பொருள்தான் படிக்கிறது. கட்டம் கட்டிய டேபிள், இரண்டு பத்தி வடிவமைப்பு, படத்துக்குள் எழுத்து இவையெல்லாம் அதற்கு ஒழுங்காகப் புரிவதில்லை. அச்சிட்ட தாளைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். பிடிஎஃப் ஆக்கி, ஃபைலுக்கு உங்கள் பெயரை வைத்து அனுப்புங்கள். மெயில் முகவரியை ஒருமுறை சோதியுங்கள். இரண்டு வருடம் தொடாமல் விட்ட ஜிமெயில் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நீக்கத் தொடங்கிவிட்டது. செத்துப்போன முகவரிக்கு இன்டர்வியூ அழைப்பு வந்தால் யாருக்கு லாபம்?

எழுதவே கூடாதவை

அப்பா பெயர், சாதி, மதம், திருமண நிலை, முழு வீட்டு முகவரி எதுவும் தனியார் வேலைக்கான ரெஸ்யூமில் தேவையில்லை. ஊர் பெயர் போதும். ஆதார் எண்ணும் பான் எண்ணும் கூடவே கூடாது. கீழே ஸ்கேன் செய்த கையெழுத்தும் கூடாது. பெயர், பிறந்த தேதி, பான், கையெழுத்து, போன் நம்பர் எல்லாம் ஒரே தாளில் கிடைத்தால் மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? உங்கள் பெயரில் கடன் வாங்க முயல்வதற்கான முழுக் கட்டையும் நீங்களே கட்டிக்கொடுத்ததாகிவிடும். அடையாளச் சான்று கட்டாயம் கேட்கும் இடத்தில், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரை ஆதார் ஆணையத்தின் (யுஐடிஏஐ) தளத்திலிருந்து இறக்கிக் கொடுங்கள். அசல் சான்றிதழைக் காட்டலாம், ஒப்படைக்கக் கூடாது. "ஒரு வருஷம் எங்ககிட்ட இருக்கட்டும்" என்று சொல்லும் இடத்தில் வேலையே வேண்டாம்.

அனுபவச் சான்றிதழ் விற்கிற கன்சல்டன்சிகள் இருக்கின்றன. சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர், சரிபார்க்க போன் வந்தால் பேச ஓர் ஆள் என எல்லாம் சேர்த்து ஒரு விலை சொல்வார்கள். வாங்காதீர்கள். போலி ஆவணத்தை உண்மையானது என்று காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 340ஆம் பிரிவில் குற்றம். ஏமாற்றும் நோக்கத்துடன் செய்த போலி என்றால் ஏழாண்டு வரை சிறை. விற்றவன் அலுவலகத்தைக் காலிசெய்துவிட்டுப் போயிருப்பான், உங்கள் பெயர்தான் தாளில் இருக்கும். வேலை போவதோடு முடியும் விஷயமல்ல இது. திரும்பவும் சொல்கிறேன், வாங்காதீர்கள். பொய் இல்லாத எட்டு வருட இடைவெளிக்கு வேலை கிடைக்கும்.

வேலைக்கு முன்பணம் கேட்பவர்களும் அப்படியே. ரெஸ்யூம் இணையத்தில் ஏறிய அன்றே போன்கள் வரத் தொடங்கும். பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், டிரெயினிங் கட்டணம், மருத்துவப் பரிசோதனை என்று ஏதோ ஒரு பெயரில் கேட்பார்கள். எந்த நல்ல நிறுவனமும் வேலை தருவதற்கு உங்களிடம் பணம் வாங்காது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாமல் உடனே 1930 எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் அந்தப் பணத்தை வங்கியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள். டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லி மியான்மருக்கும் கம்போடியாவுக்கும் கூட்டிச்செல்லப்பட்டு, இணைய மோசடிக் கும்பலிடம் அடைபட்டு மீட்கப்பட்டவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. சென்னையில் தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கும்போது, டெலிகிராமில் வந்த முகம் தெரியாத ஆளை ஏன் நம்ப வேண்டும்?

பணம் கொடுக்காமல் ரெஸ்யூமைப் பதிய இடமில்லையா என்றால், இருக்கிறது. தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையமும் மத்திய அரசின் நேஷனல் கரியர் சர்வீஸும் இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்களில் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் தனியார் துறை முகாம் நடக்கும். போகும்போது உங்கள் பழைய வேலைவாய்ப்புப் பதிவையும் பாருங்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், விட்டால் பதிவு மூப்பு போய்விடும். தவறவிட்டவர்களுக்கு அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவிக்கிறது. ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். பதிவு அட்டையில் உள்ள மாதத்தைப் பார்த்து, இணையத்திலேயே புதுப்பித்து, புதிய அட்டையைப் பிரிண்ட் எடுத்துப் பி.எஃப். காகிதங்களோடு ஒரே கோப்பில் வையுங்கள்.